கட்டக் கூடாத கிடா

பதினேழு கிடைகளில் பதினாறு கையெழுத்து வாங்கியாகிவிட்டது. மீதி ராக்கு.

ஆறு வாரமாக அவளிடம் போய்வருகிறேன். செவ்வாய், வெள்ளி. எங்கள் ஆராய்ச்சிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சிலுவைமுத்து இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

"சார் பொண்ணு கேட்டுப் போறாரு. அவுக மோர் குடுத்துத் திருப்பி அனுப்புறாக. மறுக்கிறதுலயும் ஒரு மொறை இருக்குல்ல."

கிடை என்றால் ஊர் ஊராகப் போகும் செம்மறிக் கூட்டம். அறுவடை முடிந்த வயலில் அடைத்துப் போட்டால் வயலுக்கு எரு. இரண்டு மூன்று நாளில் அடுத்த வயல். கூட்டத்தை நடத்துகிறவர் கீதாரி. ராக்குவின் கணவர் வேறொருவரின் ஆடுகளை மேய்க்க சவுதிக்குப் போய்விட்டதால், அவருடைய முந்நூற்று நாற்பது ஆடுகளுக்கு ராக்கு கீதாரி. நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, காலில் டயர் செருப்பு, இடுப்பில் போன்.

புது ஆட்டம்மை வந்து நான்கு வருடம் ஆகிறது. பழையது கொப்புளத்தோடு விட்டது. இது குட்டிகளை நுரையீரலில் பிடிக்கிறது. போன மாசியில் ராக்குவின் கிடையில் மட்டும் நாற்பத்தாறு குட்டிகள் செத்தன. தடுப்பூசி உண்டு. அதை ஐஸ் பெட்டியில் வைத்து, ட்ரோன் விட்டுக் கிடையைத் தேடி, போய்ச் சேரும்போது கிடை இரண்டு ஊர் தள்ளிப் போயிருக்கும்.

அதனால்தான் இந்தப் புது மருந்து. உயிரோடு இருக்கும், பல் பிடுங்கிய கிருமி. ஒரு ஆட்டுக்குப் போட்டால் அடுத்த ஆட்டுக்கு அதுவே போகும். ஊசியோடு நாம் ஓட வேண்டாம். சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் ஆடு வைத்திருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கொட்டகைக் கதவு திறக்காது. அனுமதி சித்திரை கடைசியோடு முடிகிறது. பிறகு கிருமி உறைபெட்டிக்குப் போகும்.

அந்தக் கிருமியைப் பழக்கியது என் மனைவி. அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவளை வைத்த ஒரு உறைபெட்டி எனக்குப் போதும்.

"மறுபடி மொதல்லேருந்து சொல்லுங்க டாக்டரே," என்றாள் ராக்கு. முதல் தடவை போனபோது கேட்டது இது. ஆறாவது தடவையும் இதையே கேட்டாள். "கேக்க நல்லாருக்கு."

"ஆட்டம்மைக் கிருமிய எடுத்துக் கண்ணாடிக் குடுவையில வளர்த்தோம். அதுலேருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவை. அப்புறம் அடுத்தது. எண்பத்து மூணு தடவை."

"எதுக்கு அம்புட்டு?"

"ஆட்டு உடம்புக்குள்ள சண்டை போட்டுப் பிழைக்கிற கிருமி அது. குடுவைக்குள்ள சண்டை கிடையாது, சும்மா சாப்பாடு. அப்படியே எண்பத்து மூணு தலைமுறை போனா சண்டையையே மறந்துரும்."

"எங்க கொழுந்தன் மாதிரி."

"அப்படித்தான் வச்சுக்குங்க. ஊசி போட்ட ஆட்டுக்கிட்டருந்து பக்கத்து ஆட்டுக்கு மூச்சுல போகும். காதுக்குள்ளயோ வாலுக்கு அடியிலயோ ஒரே ஒரு கொப்புளம் வரும். பத்து நாள்ல காயும். அதுக்கப்புறம் நிஜ அம்மை அண்டாது."

"போய்க்கிட்டே இருந்தா?"

"நாலு உடம்போட நின்னுரும். அதுக்குள்ளயே நாலு மணி கோத்து விட்டிருக்கு. ஒவ்வொரு உடம்பு தாவும்போதும் ஒண்ணு உதிரும். நாலும் உதிர்ந்தா அதுக்குப் பெருகத் தெரியாது. செத்துரும்."

ராக்கு சிரித்தாள். "நாலு பேரோட நின்ன சேதி எங்க ஊருல ஒண்ணுகூடக் கெடையாது டாக்டரே."

"இது நிக்கும்."

"யாரு கோத்தா மணிய?"

"என் மனைவி."

அவளுக்கு விஷயம் தெரியும். சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். ராக்கு சிரிப்பை நிறுத்தி, கையிலிருந்த தொரட்டிக் கம்பால் மண்ணைக் கிளறினாள்.

"அப்ப நிக்கும்," என்றாள்.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

காரணம் ஒரு கிடா. கணவர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று காட்டுக்கோயில் காளிக்கு நேர்ந்துவிட்டது. மூன்று வயது. காலிலும் முகத்திலும் கறுப்பு, மற்றதெல்லாம் செம்மண் நிறம். வைகாசி முதல் வாரம் கணவர் வருகிறார். அந்த வாரமே திருவிழா. நேர்ந்துவிட்ட கிடாவுக்குச் சில சலுகைகள் உண்டு. காது வெட்டி அடையாளம் போடக் கூடாது. ஊசி குத்தக் கூடாது. அடிக்கக் கூடாது. உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலும் அது மூளி. மூளிக் கிடாவைச் சாமி வாங்காது. அது தன் உரிமைகளை நன்றாக அறிந்து வைத்திருந்தது. முதல் நாளே என் விண்ணப்பப் படிவத்தில் மூன்றாம் பக்கத்தைத் தின்றுவிட்டது.

"மத்ததுக்கெல்லாம் போடுங்க. இவன விட்டுருங்க," என்றாள் ராக்கு.

"இது தானாப் பரவுறது. இவனை மட்டும் விடச் சொல்ல முடியாது."

"எண்பத்து மூணு தலமொறையா வளத்திருக்கீக. ஒரு சொல்லு கேக்காதா?"

"கேக்காது."

"புள்ளைய வளத்த மாதிரிதான் வளத்திருக்கீக."

நான்காவது வாரம் அவளே ஒரு வழி சொன்னாள். "கிடாக்கிட்டயே கேட்டுருவோம்."

"என்ன கேக்கிறது?"

"வெட்டுறதுக்கு முன்னாடி நாங்க கேப்போம்ல? மஞ்சத்தண்ணி தெளிப்போம். உடம்பச் சிலுப்புனா சரின்னு அர்த்தம். சிலுப்பலன்னா வெட்ட மாட்டோம், எம்புட்டு நேரமானாலும் நிப்போம். கழுத்துல கத்தி வைக்கிறவுகளே ஒரு வார்த்தை கேக்குறாக. நீங்க படிச்சவுக. பதினேழு பேருகிட்டக் கேட்டீக, ஆட்டுக்கிட்டக் கேட்டீகளா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.

"மூணாம் பக்கத்துல இருந்திருக்கும். அதான் தின்னுட்டான்," என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கிடாவுக்குத் தண்ணீர் தெளித்தோம். சிலுவையும் வண்டியோடு வருவார். ராக்கு சொம்பிலிருந்து முதுகில் ஊற்றுவாள். கிடா அப்படியே நிற்கும். தண்ணீர் வயிற்றோரம் சொட்டும். நாங்கள் மூவரும் அதன் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்போம். அது என்னிடம் நடந்து வந்து என் ஜோல்னாப் பையை நக்கும்.

பை என் மனைவியுடையது. ஓரத்தில் கையகலம் நீல மைக்கறை. பேனாவை மூடாமல் போடுவது அவள் பழக்கம். பதினான்கு மாதமாக நான் அதைத் துவைக்கவில்லை. என் வியர்வையில் உப்புப் பூத்திருந்தது. கிடாவுக்கு அது பிடித்திருந்தது.

சிலுவைக்குப் பிடிக்கவில்லை. "சார், அந்தப் பையைக் குடுங்க, ஒரு அலசு அலசித் தாரேன். இன்னும் ரெண்டு மாசம் விட்டா அதுவே நடந்து ஆபீசுக்கு வந்துரும்."

"வேண்டாம்."

"ஒரு தடவ சார்."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

கொட்டகைக்குள் போகும்போது சட்டை, செருப்பு, கைக்கடிகாரம், போன் எல்லாம் வெளி அறையில் கழற்ற வேண்டும். வேறு உடை மாற்றி உள்ளே போக வேண்டும். உள்ளே ஊசி போட்ட எட்டு ஆடுகள். பையை வெளி அறை ஆணியில் மாட்டினால் சிலுவை துவைத்துவிடுவார். அதனால் உள்ளே கொண்டுபோய் மாட்டினேன். ஆறு வாரமும் அப்படித்தான்.

கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சித்திரை முடிய ஐந்து நாள். கிடை ஒரு பருத்திக் காட்டில் கிடந்தது. ராக்கு சொம்பைச் சாய்த்தாள். கிடா நின்றது. தண்ணீர் சொட்டியது. நான் படிவத்தை மடித்து வைக்கப் போனேன்.

கிடா சிலுப்பியது. தலையிலிருந்து வால்வரை, என் கண்ணாடியெல்லாம் தண்ணீர் தெறிக்கும்படி. காதுகள் இரண்டும் மேலே எழும்பித் திரும்பி விழுந்தன.

"சிலுப்பிட்டான்! கொண்டாங்க பேனாவ," என்றாள் ராக்கு. இவ்வளவு அவசரமாக அவள் பேசிக் கேட்டதில்லை.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்க் கிடாவின் இடது காதைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு தழும்பு. பட்டாணி அளவு, விளிம்பு வட்டம், நடுவில் பொருக்கு. எங்கள் கிருமியின் கொப்புளம். நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். காய்ந்து சில நாள் ஆகியிருந்தது.

"பேனாவக் கேட்டேன் டாக்டரே."

"கையெழுத்து வேண்டாம்."

"என்னது?"

"ஏற்கனவே வந்துருச்சு. இங்க பாருங்க." காதைக் காட்டினேன். "இது எங்க கிருமி. நான்தான் கொண்டுவந்திருக்கேன். இந்தப் பை கொட்டகைக்குள்ள தொங்கும். ஆட்டு மயிரு, பொருக்குத் தூசி எல்லாம் இதுல ஒட்டியிருக்கும். அம்மைப் பொருக்குல கிருமி மாசக்கணக்கில சாகாது. இவன் பையை நக்கியிருக்கான். உங்ககிட்டக் கேக்க வந்து வந்தே உங்களுக்குக் குடுத்துட்டேன்."

ராக்கு வாயைத் திறந்தாள். மூடினாள்.

"பையா?" என்றாள்.

"பைதான்."

அவள் சிலுவையைப் பார்த்தாள். சிலுவை வானத்தைப் பார்த்தார். மழைக்கு அறிகுறி எதுவும் இல்லை.

"நான் மேலிடத்துக்கு எழுதிடுவேன்," என்றேன். "சோதனை நின்னுரும். உங்க நேர்ச்சை கெட்டதுக்கு நான் காரணம். மன்னிச்சுக்குங்க."

ராக்கு சொம்பைக் கவிழ்த்து மீதித் தண்ணீரை மண்ணில் கொட்டினாள். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். காதிலிருந்து பொருக்கு கொஞ்சம் சுரண்டிக் குப்பியில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று மோர் தரவில்லை.

கொட்டகையின் விதிகளை எழுதியதும் என் மனைவிதான். பதினோராவது விதி: துணி உள்ளே வரக் கூடாது. வந்தால் வெளியே போகக் கூடாது, எரிக்க வேண்டும்.

பையைச் சிலுவையிடம் கொடுத்தேன்.

"எரிச்சிருங்க."

"சார், அது வந்து…"

"விதி."

"இல்ல சார், நான் என்ன சொல்ல வாரேன்னா…"

"சிலுவை, நான் எரிக்க மாட்டேன். அதனாலதான் உங்ககிட்டத் தர்றேன். பேசாம எரிங்க."

அவர் வாங்கிக்கொண்டு எரிப்பான் பக்கம் போனார். நான் அறைக்குப் போய் அறிக்கை எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுதும்போது கை தானாக இடதுபுறம் பேனாவைத் தேடிப் பைப் பக்கம் போனது. பை இல்லை. எழுந்து போய்ச் சிலுவையின் மேசையிலிருந்து ஒரு பேனா எடுத்துவந்தேன்.

ஒன்பது நாள் கழித்துத் தலைமை ஆய்வகத்திலிருந்து இயக்குநர் ஹேமலதா கூப்பிட்டார்.

"பூபதி, உங்க கிடா சாம்பிள் பார்த்தாச்சு. நம்ம கிருமிதான். எத்தனை மணி உதிர்ந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

"ஒண்ணு மேடம். எங்க ஆட்டோட பொருக்கு, அதுலேருந்து நேரா கிடா. ஒரு தாவல்."

"மூணு உதிர்ந்திருக்கு."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இருக்கீங்களா? ஒரு தாவல் இல்ல, மூணு. நடுவுல ரெண்டு உயிருள்ள ஆடு இருக்கு. பை தும்மாது பூபதி. ஒரு தாவலுக்கு எட்டு நாள்னு வச்சா, ஒரு மாசத்துக்கு முன்னாடியே உங்க கொட்டகைலேருந்து கிளம்பியிருக்கு. விசாரிச்சு எழுதுங்க."

நடந்தே போனேன். நான்கு கிலோமீட்டர். வைகாசி பிறந்திருந்தது. ராக்கு ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து குட்டி ஒன்றின் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முள் எடுப்பதில் அதிக அக்கறை காட்டினாள்.

"மூணு மணி உதிர்ந்திருக்கு," என்றேன்.

"அதுலயே எண்ணிக்கை தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவே இல்லையே, உதிர்ந்தத எண்ணலாம்னு." குட்டியை விட்டாள். அது துள்ளி ஓடியது. "உங்க வீட்டம்மா பொல்லாதவுக."

பிறகு சொன்னாள். நான் முதன்முதலில் அவளிடம் போன அந்த வாரமே, சிலுவையிடம் கேட்டு இரண்டு குட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டகைக் கம்பி வேலியோரம் கட்டியிருக்கிறாள். உள்ளே எங்கள் ஆடுகள், வெளியே அவள் குட்டிகள், இடையில் கம்பி. மத்தியான நேரம் இரண்டு மணி நேரம். நான் சாப்பிடப் போயிருப்பேன். ஒரு குட்டிக்கு ஒட்டியது. அதிலிருந்து அடுத்த குட்டிக்கு.

"சம்மதிச்சிருக்கலாமே," என்றேன். "ஆறு வாரம் நடந்தேனே."

"எப்படிச் சம்மதிக்கிறது? காளிகிட்ட ஒரு பழுதில்லாம கிடா தாரேன்னு சொன்னவ நானு. அதே வாயால உங்ககிட்டச் சரின்னு சொன்னா, நாளைக்கு அவருக்கு அங்கன ஒண்ணு ஆனா யாரு மேல விழும்? அதுக்காக நாப்பத்தாறு குட்டிய மறுபடி குழியில போடச் சொல்றீகளா? சாமிக்கு ஒரு பதிலு, குட்டிக்கு ஒரு பதிலு. வாயி ஒண்ணுதான் இருக்கு. நான் என்ன செய்ய?"

"கிடாவை மட்டும் தனியாக் கட்டிப் போட்டிருக்கலாம்ல?"

ராக்கு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை படித்தும் இது தெரியவில்லையே என்கிற பார்வை.

"நேந்துவிட்ட கிடாவக் கட்டலாமா டாக்டரே? கயிறு பட்டாலே நேர்ச்ச முறிஞ்சுரும். மொதல்ல ரெண்டு குட்டி தாங்குதான்னு பாத்துட்டு மத்ததோட விடலாம்னு, ரெண்டையும் அரை மைலு தள்ளி அந்தப் பொட்டல்ல ஒதுக்கி வச்சேன். யாரும் போகாத எடம். அவன் போயிட்டான். அவனை யாரு கேக்குறது?"

கிடா சற்றுத் தூரத்தில் யாரோ ஒருவருடைய கீரைப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தது. அதையும் யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்து வெகுநாள் ஆகியிருந்ததால் ராக்கு அதை இருமல் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். குடித்தேன்.

"அன்னிக்கு நான் பைன்னு சொன்னப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"சிலுவை அண்ணனுக்கு வேலை போயிருமேன்னு. நீங்க படிச்சவுக, ஒரு பையோட போயிரும்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "அந்தப் பை எங்க?"

"எரிச்சாச்சு."

"என்ன?"

"விதி. உள்ள வந்த துணியை எரிக்கணும்."

ராக்கு துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கேலி செய்ய ஏதாவது தேடினாள் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அது உங்க வீட்டம்மாவோடதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "பேனா ஊத்துன கறை. ஆம்பளைங்க பையில அப்படி இருக்காது."

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதீக."



கொட்டகைக்குத் திரும்பியபோது சிலுவை வெளி அறையில் நின்றார். எனக்கு முன்பே ராக்குவின் போன் அவருக்குப் போயிருக்க வேண்டும். கையில் ஜோல்னாப் பை. மடித்து, இஸ்திரி போட்டு.

"எரிக்கச் சொன்னேன்."

"எரிக்கத்தான் போனேன் சார். அது மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சுக்கிட்டே எப்படி நெருப்புல போடுறது?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்காக அப்படியே வச்சுக்கிடவும் முடியாது. கிருமி இருந்தா? மருந்துத் தண்ணியில மூணு நாள் முக்கி வச்சேன். கொதிக்க வச்சேன். ஏழு தடவ தொவைச்சேன். நேத்து ஆபீஸ்ல குடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு, சுத்தம்னுட்டாக."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். கிருமிநாசினி வாசனை. வேறு எதுவும் இல்லை.

"அந்த நீலக் கறைதான் சார் போகல. தேச்சுத் தேச்சுப் பாத்தேன்."

"போக வேண்டாம்."

"அதான் விட்டுட்டேன்."

இயக்குநருக்கு இரண்டாவது அறிக்கை அனுப்பினேன். கிருமி பையால் போகவில்லை. கம்பி வேலியோரம் வெளியிலிருந்து வந்த இரண்டு குட்டிகள் நின்றிருக்கின்றன, அவற்றிலிருந்து ஒரு கிடாவுக்குப் போயிருக்கிறது, கிடை முழுக்கக் காதைத் திருப்பிப் பார்த்ததில் வேறெங்கும் காணவில்லை, வேலியை இரட்டை வேலியாக்க வேண்டும் என்று எழுதினேன். பையை உள்ளே கொண்டுபோனது என் தவறு, பரவாதது அதிர்ஷ்டம் என்றும் எழுதினேன். குட்டிகள் யாருடையவை என்ற கட்டத்தில்: கேட்கவில்லை. இத்தனை வாரத்தில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

ஹேமலதா அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். குட்டிகள் யாருடையவை என்று அவரும் கேட்கவில்லை. நான்காவது தாவலில் ஒரு ஆடும் இல்லாதது நல்ல செய்தி, ஆடி கடைசிவரை நீட்டிப்பு வாங்கித் தருகிறேன், ஆனால் பழைய சம்மதங்கள் செல்லாது என்றார். பதினேழு கிடையிலும் புதிதாக வாங்க வேண்டும்.

"இந்தத் தடவை என்ன நடந்ததுன்னும் சொல்லி வாங்குங்க," என்றார்.

முதலில் ராக்குவிடம் போனேன். கணவர் வந்திருந்தார். வெயிலில் கறுத்து, மெலிந்து, கிடையைச் சுற்றிச் சுற்றி வந்து தன் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூளியானதால் கிடா தப்பித்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு வேறொன்று நேர்ந்திருக்கிறார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் ஆதாயம் அடைந்தது அது ஒன்றுதான். இப்போது அதன் கழுத்தில் கயிறு இருந்தது. அதைப் பற்றி அது வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கயிறு எட்டும்வரை வந்து பையை முகர்ந்தது. தும்மிவிட்டுத் திரும்பிப் போனது.

"உப்பு இல்லல்ல, அதான்," என்றாள் ராக்கு. சாக்கிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்து, என்னைக் கேட்காமலே பைக்குள் போட்டாள். "இருக்கட்டும். பூக்க நாளாகும்."

படிவத்தை எடுத்தேன். அவள் மோர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு மரத்தில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்து, கணவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இவுகளுக்குத் தெரியாதுல்ல. மறுபடி மொதல்லேருந்து சொல்லுங்க டாக்டரே."

"ஆட்டம்மைக் கிருமிய எடுத்து…"

"அங்கேருந்து இல்ல. மணி கோத்தாகள்ல, அவுககிட்டேருந்து. ஆறு வாரமா என் மனைவி, என் மனைவின்னீக. பேரு சொல்லவே இல்ல."

கிடா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இன்பவல்லி," என்றேன். "வல்லின்னு கூப்பிடுவேன்."